வேலை போன கையோடு வீட்டுக்கடனை அடைக்கலாமா? குதிரையை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 47. மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் 17 வருடம் சூப்பர்வைசராக வேலை பார்த்தேன். ஆட்குறைப்பு என்று சொல்லி போன மாதம் எங்களில் சிலரை அனுப்பிவிட்டார்கள். கிராஜுவிட்டியும் சேர்த்து 13 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. பி.எஃப். கணக்கில் 8.4 லட்சம் இருக்கிறது. ஊமச்சிகுளம் பக்கம் வீடு கட்ட 2016-ல் வாங்கிய 20 லட்சம் கடனில் இன்னும் 14.6 லட்சம் பாக்கி. வட்டி 9.5 சதவீதம், மாதத் தவணை 18,650 ரூபாய், இன்னும் பத்து வருடம் சொச்சம் ஓடும். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, 13,000 வாங்குகிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுச் செலவு 28,000 ஆகிறது.

நான்கு வருடம் முன்பு அந்தியூர் சந்தையில் 95,000 கொடுத்து ஒரு செவலைப் பெட்டைக் குதிரை வாங்கினேன். இப்போது அதற்கு ஏழு வயது. சித்தப்பாவின் தோப்பில் கட்டியிருக்கிறோம். தீவனம் 6,500, பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 3,000, லாடம் 1,000, மருந்து 1,000 என்று மாதம் 11,500 ஆகிறது. எல்லோரும் குதிரையை விற்கச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து மகள் என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. கையில் இருப்பதோடு பி.எஃப். பணத்தையும் போட்டு வீட்டுக்கடனை முழுசாக அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? மைத்துனரோ ஐந்து லட்சத்தை ஒரு பைனான்ஸில் போட்டால் மாதம் மூன்று வட்டி வரும் என்கிறார். பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: கடனை முழுசாக அடைக்காதீர்கள். ஆறு லட்சம் மட்டும் கட்டுங்கள். குதிரையை இப்போது விற்க வேண்டாம். ஆனால் மாதம் 11,500 செலவழித்து அதை வைத்திருக்கவும் உங்களால் முடியாது. மைத்துனர் சொல்வதை இந்த நிமிடமே மறந்துவிடுங்கள்.

வேலை போனதும் முதலில் கடனை ஒழிக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. வீடாவது நம்முடையது என்று ஆகிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைக்கிறோம். ஆனால் வீட்டுக்குள் போட்ட பணம் திரும்பி வராது. இன்று 13 லட்சத்தையும் பி.எஃப்.பில் ஒன்றரை லட்சம் சொச்சத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரண்டு லட்சம் தேவைப்பட்டால் அதே வங்கிக்குப் போய் நின்றாலும் கிடைக்காது. முதல் கேள்வியே ‘கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எங்கே?’ என்பதுதான். கடனை அடைத்த கையோடு, அதைவிட இரண்டு மூன்று மடங்கு வட்டிக்கு வெளியில் கடன் வாங்கியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கும், மளிகைக் கடையில் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். சம்பளச் சீட்டு கேட்காமல் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கக்கூடியது நகைக்கடன் ஒன்றுதான். அதனால் வீட்டில் நகை இருந்தால் அதையும் விற்றுக் கடனில் போட்டுவிடாதீர்கள். அது கடைசிக் கையிருப்பு.

இனி வரிசையாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வரிசை மாறினால் பணம் வீணாகும்.

முதலில் வட்டி. 2016-ல் வாங்கிய கடன் இன்னும் 9.5 சதவீதத்தில் நிற்கிறது என்றால், உங்கள் கடன் பழைய வட்டி முறையிலேயே கிடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மிதவை வட்டி (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக்கடன்களை, ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை மட்டுமே ரெப்போ ஒரு சதவீதம் குறைந்தது. புதிய முறையில் இருப்பவர்களுக்கு அது சீக்கிரம் வந்து சேர்ந்தது. பழைய முறையில் இருப்பவர்களுக்கு மெதுவாக, அரைகுறையாகத்தான் வருகிறது. கிளைக்குப் போய், ‘என் கடனை ரெப்போ வட்டிக்கு மாற்றுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். அதற்கு ஒரு சிறு கட்டணம் வாங்குவார்கள், கொடுத்துவிடுங்கள். வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது இப்போது நடக்காது, அதற்குச் சம்பளச் சீட்டு வேண்டும். இருக்கிற வங்கியிலேயே வட்டி முறையை மாற்றிக்கொள்வது அப்படியல்ல. உதாரணத்துக்கு 8.25 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 14.6 லட்சத்துக்கு ஒன்றேகால் சதவீதம் என்றால் வருடத்துக்கு 18,250 ரூபாய். அந்தச் சிறு கட்டணம் தவிரக் கையில் இருந்து ஒரு பைசா கட்டாமல் கிடைக்கும் மிச்சம் இது. எதையும் கட்டும் முன்பு இதை முடித்துவிடுங்கள்.

அடுத்ததாக ஆறு லட்சம். இதை எப்படிக் கட்டச் சொல்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இடையில் ஒரு தொகையைக் கட்டினால், வங்கி பெரும்பாலும் தவணையை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தைக் குறைத்துவிடும். சம்பளம் வந்துகொண்டிருப்பவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு அது வேண்டாம். காலம் அப்படியே இருக்கட்டும், தவணையைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிப்பின்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவோ காலத்தை நீட்டவோ கடன் வாங்கியவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பகுதியாகவோ முழுசாகவோ எப்போது வேண்டுமானாலும் கட்டவும் அனுமதிக்க வேண்டும். தனிநபரின் மிதவை வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு 2012-லேயே உத்தரவு இருக்கிறது.

ஆறு லட்சம் கட்டினால் பாக்கி 8.6 லட்சம். 8.25 வட்டிக்கு மீதிக் காலம் முழுவதும் தவணை சுமார் 10,400 வரும். 18,650 எங்கே, 10,400 எங்கே! இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். காலத்தைக் குறைத்திருந்தால் கடன் ஏறக்குறைய ஐந்து வருடத்தில் முடிந்திருக்கும். தவணையைக் குறைப்பதால் பத்து வருடத்தில் 2.4 லட்சம் அளவுக்கு வட்டி கூடுதலாகப் போகும். அந்தக் கூடுதல் வட்டி, பத்து வருடமும் நீங்கள் சும்மா இருந்தால்தான். வேலை கிடைத்த பிறகு தீபாவளி போனஸையோ சீட்டுப் பணத்தையோ கொண்டுபோய்க் கட்டிக்கொண்டே வாருங்கள். அப்போது காலத்தைக் குறைக்கச் சொல்லலாம்.

ஏன் தவணையில் இவ்வளவு குறியாக இருக்கிறேன் என்றால், உங்கள் அடுத்த வேலையை நினைத்துத்தான். மதுரையில் 47 வயதில் பழைய சம்பளத்துக்கே வேலை கிடைத்தால் நல்லது. கிடைக்காமலும் போகலாம். இன்றைய செலவு 58,150. மனைவி சம்பளம் போக 45,150 வேண்டும், அதாவது பழைய சம்பளம் அப்படியே வந்தால்தான் வீடு ஓடும். தவணை 10,400, குதிரைக்கு 7,000 என்று ஆக்கிவிட்டால் துண்டு விழுவது 32,400. அப்போது 33,000 கையில் வரும் வேலை கிடைத்தாலே போதும், குடும்பம் சொந்தக் காலில் நிற்கும். 46,000 கொடுக்கும் கம்பெனிக்காக ஒரு வருடம் காத்திருப்பவருக்கும், 33,000 வேலையைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டு மேலே தேடிக்கொண்டே இருப்பவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

மீதி ஏழு லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். அதில் நான்கு லட்சம் ஒரு வருடத்துக்குத் துண்டு விழும் தொகை. ஒரு லட்சம் ஆஸ்பத்திரி மாதிரி அவசரத்துக்கு. மகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, வேலைக்கு அலையும் செலவு எல்லாம் மிச்சத்தில். இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு உண்டு. எல்லாவற்றையும் ஒரே ரசீதாகப் போடாமல் ஒரு லட்சம், ஒரு லட்சமாகப் போட்டால், தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

ஆறு லட்சத்தை ஒரே மூச்சில் கொடுக்கவும் கை நடுங்கினால் மூன்று மாதம் பொறுங்கள், தப்பில்லை. டெபாசிட்டில் ஆறரை சதவீதம் வந்தால் வீட்டுக்கடன் வட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் ஒன்றேமுக்கால்தான். ஆறு லட்சத்துக்கு மாதம் 900 ரூபாய்க்குள். அதுவரை நடுவில் ஒரு வேலை உறுதியானால் இன்னும் தைரியமாகக் கட்டலாம்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம். வட்டி குறைத்த பிறகு உங்கள் வீட்டுக்கடனுக்கும் அதே அளவுதான் என்றால், அதை எடுத்து இதில் போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பத்து வருட சர்வீஸ் தாண்டிவிட்டதால் 58 வயதில் பென்ஷனும் உண்டு. புதிய கம்பெனியில் சேரும்போது யு.ஏ.என். என்கிற பழைய பி.எஃப். எண்ணையே கொடுங்கள்.

கம்பெனி கொடுத்த கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். கிராஜுவிட்டி என்பது கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்குவது. இரண்டும் சேர்ந்து 26,000 என்றால் வருடத்துக்கு 15,000, பதினேழு வருடத்துக்கு 2,55,000. உங்கள் தொகையைப் போட்டுப் பார்த்து, குறைந்தால் எழுதிக் கேளுங்கள். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு ஆட்குறைப்பு இழப்பீட்டில் 5 லட்சம் வரை வருமான வரி விலக்கு உண்டு. சூப்பர்வைசர் பதவி அதற்குள் வருமா என்பது நீங்கள் உண்மையில் பார்த்த வேலையைப் பொறுத்தது. ஆடிட்டரிடம் பணிநீக்கக் கடிதத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்று அவசரம். கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீடு உங்கள் வேலையோடு போயிருக்கும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்ற முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள். மாற்றினால், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கான காத்திருப்புக் காலத்தில் பழைய வருடங்களுக்குச் சலுகை கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

மைத்துனர் விஷயம். மாதம் மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். நியாயமாகத் தொழில் செய்து யாராலும் இதைக் கொடுக்க முடியாது. முதல் சில மாதம் கொடுப்பார்கள், அதுவும் உங்களுக்குப் பின்னால் வந்தவர் கட்டிய பணத்தில் இருந்து. மதுரையில் இப்படி ரிட்டயர்மென்ட் பணத்தை இழந்தவர்கள் பொருளாதாரக் குற்றப் பிரிவில் மனுக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இதற்கென்றே தமிழ்நாட்டில் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தார்கள், மதுரையில் தனி நீதிமன்றமே இருக்கிறது. மைத்துனர் மனம் கோணுமே என்று கொஞ்சமாவது கொடுத்துவிடாதீர்கள். ‘எல்லாப் பணமும் வீட்டுக்கடனுக்குப் போய்விட்டது’ என்று சொல்லுங்கள்.

இப்போது குதிரை. இதை ஒதுக்கித் தள்ளும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், நான் அப்படிச் செய்ய மாட்டேன். நான்கு வருடம் கையால் தீனி வைத்து வளர்த்த உயிர் அது, உங்கள் மகள் அதோடு வளர்ந்திருக்கிறாள். அதே சமயம் குதிரை இருபத்தைந்து வருடம் வரைகூட வாழும். ஏழு வயதுக் குதிரை என்றால் இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் நீளக்கூடிய பொறுப்பு, உங்கள் வீட்டுக்கடனைவிட நீண்டது. அதையும் ஒரு தவணையாகவே எழுதி வையுங்கள்.

11,500-ஐ 7,000 ஆக்க, உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். ஆள் கூலி 3,000. நீங்கள் இப்போது வீட்டில் இருக்கிறீர்கள், காலையும் மாலையும் தோப்புக்கு நீங்களே போங்கள். இண்டர்வியூவுக்குப் போகும் நாளில் பார்த்துக்கொள்ள மட்டும் அந்த ஆளுக்கு ஆயிரம் கொடுங்கள். லாடத்துக்கு 1,000. இப்போது தார் ரோட்டில் ஓட்டப் போவதில்லை என்றால் லாடத்தைக் கழற்றிவிட்டு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பை மட்டும் சீவி ஒழுங்கு செய்தால் போதும், 500-க்குள் அடங்கும். குளம்பு சீவுவதையே நிறுத்திவிடாதீர்கள், கால் போய்விடும்.

தீவனம் 6,500-இல் பெரும்பகுதி கொள்ளுக்கும் தவிட்டுக்கும் போகும் என்று நினைக்கிறேன். வேலை செய்யாத குதிரைக்கு அவ்வளவு தானியம் தேவையே இல்லை. கூடிப்போனால் குளம்புக்குள் வீக்கம் வந்து நொண்டும். அதற்கு வேண்டியது நார்த் தீவனம், உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குக் காய்ந்த தட்டையோ புல்லோ. முந்நூற்றைம்பது கிலோ குதிரை என்றால் நாளுக்கு ஏழு கிலோ. சோளத்தட்டையையும் கடலைக்கொடியையும் அறுவடை சமயத்தில் வண்டியாக வாங்கிப் போர் போட்டு வைத்தால், வாரா வாரம் கட்டுக் கணக்கில் வாங்குவதைவிட மிச்சமாகும். தோப்பில் தண்ணீர் இருந்தால் ஒரு ஓரத்தில் கம்பு நேப்பியர் புல் கரணை ஊன்றுங்கள். பூஞ்சை பிடித்த கடலைக்கொடியை மட்டும் மலிவு என்று வாங்காதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றுவலி வந்து படுத்துப் புரண்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இப்படிச் செய்தால் 4,500-க்குள் வரும்.

மருந்துக்கான 1,000-ஐத் தொடாதீர்கள். குடற்புழு மருந்தும் டெட்டனஸ் தடுப்பூசியும் தவறக் கூடாது, டெட்டனஸ் குதிரையைச் சுலபமாகப் பிடிக்கும். சின்ன விஷயத்துக்கெல்லாம் தனியார் டாக்டரைக் கூப்பிடாமல் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். அவசரத்துக்கு 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது. கால்நடைக் காப்பீட்டில் குதிரையையும் சேர்க்க முடியுமா என்று அங்கேயே கேளுங்கள்.

குதிரையை வைத்துச் சம்பாதிக்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். கல்யாண ஊர்வலத்துக்கு விடுவதை நான் சொல்ல மாட்டேன். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தமே இல்லை, இருக்கிற நாளிலும் வெடிச் சத்தத்தில் மிரண்டு யாரையாவது உதைத்தால் வந்ததற்குமேல் போய்விடும். அதைவிட, நம் பக்கத்தில் ஆடு மாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவது போல, குதிரையில் ஆசையும் இடமும் உள்ள ஒருவரோடு ஏற்பாடு செய்யலாம். தீவனம் அவருடையது, மருந்தும் குளம்பும் உங்களுடையது, அவர் ஓட்டிக்கொள்ளட்டும், சனி ஞாயிறு மகள் போய் ஓட்டட்டும். அப்போது உங்கள் செலவு 2,000-க்குள் இறங்கிவிடும். அடிபட்டால் யார் பொறுப்பு, எத்தனை மாதத்துக்கு, குட்டி போட்டால் யாருக்கு என்பதையெல்லாம் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரராக இருந்தால் இன்னும் தெளிவாக எழுதுங்கள்.

விற்பதற்கும் ஒரு கோடு போட்டு வைப்போம். ஏழு லட்சம் நான்கு லட்சத்துக்குக் கீழே போய், அப்போதும் வேலை இல்லை என்றால் விற்கத்தான் வேண்டும். அவசரத்தில் தரகர் கேட்கும் விலைக்குக் கொடுத்தால் வாங்கியதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். விற்பதில் உங்களுக்குப் பெரிய ஆதாயம் விற்ற விலையில் இல்லை, மாதச் செலவு நிற்பதில்தான். ஆகவே இரண்டாயிரம் மூவாயிரத்துக்குப் பேரம் பேசி நாள் கடத்துவதைவிட, குதிரை எங்கே போகிறது என்று பார்த்துக் கொடுங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு நல்ல ஆட்கள் வருவார்கள், அதுவரை தாங்கும் என்றால் அங்கே கொண்டுபோகலாம். வாங்குபவரின் கொட்டிலை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் வாங்குங்கள்.

இந்தக் கோட்டை மகளிடம் மறைக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குப் புரியும். அவளுக்குப் பயம், ஒருநாள் பள்ளிவிட்டு வரும்போது தோப்பில் குதிரை இருக்காது என்பதாகத்தான் இருக்கும். அவளை உட்காரவைத்து, கையில் எவ்வளவு இருக்கிறது, எந்தத் தொகைக்குக் கீழே போனால் விற்க வேண்டிவரும், விற்பதாக இருந்தால் அவளிடம் சொல்லாமல் விற்க மாட்டீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். குதிரைச் செலவு நோட்டை அவளிடமே கொடுங்கள். தட்டைக் கட்டு எத்தனை, கொள்ளு எத்தனை கிலோ என்று அவளே எழுதட்டும்.

தவணை தவறும் நிலை வந்தால், தவறுவதற்கு முன்பே மேனேஜரைப் பாருங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும், பிறகு 60 நாள் நோட்டீஸ், அதன்பின் ஏலம் வரை போகும். முன்கூட்டிப் போனால் தவணைக் காலத்தை நீட்டித் தருவது பற்றியாவது பேசலாம். கடன் என்றைக்கு முழுசாக முடிந்தாலும் 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறை. சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி.யை (பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான பதிவை) ரத்து செய்யும் ரசீதும் பதிவாக வேண்டும். இல்லையென்றால் வில்லங்கத்தில் கடன் அப்படியே நிற்கும்.

திங்கட்கிழமை காலை வட்டி மாற்றும் விண்ணப்பத்தோடு வங்கிக்குப் போங்கள். நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வட்டி என்ன என்று தெரிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். ஆறு லட்சம் என்ற தொகையைக் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்று கணக்கை மறுபடி போட்டுச் சொல்கிறேன்.